கூடு விட்டுக் கூடு பாய்தல்

விக்கிரமாதித்தன் கதையில் சிறு வயதில் என் மனத்தை மிகவும் கவர்ந்த வித்தை, கூடு விட்டுக் கூடு பாய்வதுதான். வேதாளமும் பதுமைகளும்கூட எனக்கு அதற்கு அடுத்தபடிதான். ராஜா தம்முடைய உடலை ஓரிடத்தில் கிடத்திவிட்டுக் கிளியின் உடலில் புகுந்து பறந்து போவார். ஆனால் கதையின் விறுவிறுப்பு பறந்து போன கிளியிடம் இல்லை. கிடத்தி வைத்துவிட்டுப் போன வெறுங்கூட்டில்தான் இருக்கிறது. மந்திரத்தைத் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்ட ஒருவன் அந்தக் கூட்டில் புகுந்துகொண்டு ராஜாவாகிவிட்டால், கிளியின் கதி என்ன? படிக்கிறவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது அந்த இடத்தில்தான்.

அந்த வித்தை இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. மந்திரத்துக்குப் பதில் ஸ்பானரும் செயின் பிளாக்கும்; அவ்வளவுதான் வித்தியாசம். மாதவரம், மூலக்கடை, செம்பியம் வட்டாரத்தில் ஜி. என். டி. ரோட்டை ஒட்டிய மோட்டார்ப் பட்டறை ஒன்றினுள் எட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு வண்டியின் வயிற்றிலிருந்து வெளியே எடுத்த இஞ்சின், சங்கிலியில் தொங்கிக் கொண்டிருக்கும். பெரும்பாலும் ரிப்பேருக்காக இறக்கியதாகத்தான் இருக்கும்; வேலை முடிந்ததும் தன் வீட்டுக்கே திரும்பிவிடும். எப்போதாவது ஒன்று திரும்பிப் போகாது. அதன் இடத்தில் வேறொரு கம்பெனியில், வேறொரு காலத்தில் பிறந்த இஞ்சின் வந்து உட்காரும். பழைய மோட்டார்களின்மேல் மோகம் கொண்ட வாலிபர்கள் இப்போது இதை ஒரு கலையாகவே கொண்டாடுகிறார்கள். எழுபது வருஷத்துக் காரின் துருவைச் சுரண்டி, டிங்கர் வேலை பார்த்து, பழைய வர்ணத்தையே மறுபடியும் பூசி, உள்ளே 'டர்போ' வைத்த இந்தக் காலத்து இஞ்சினைப் பொருத்திவிடுகிறார்கள்.

இது மேல்நாட்டுப் பைத்தியம் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வட சென்னையின் மோட்டார்ச் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால், அது ஆரம்பத்திலிருந்தே கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதையாகத்தான் தெரிகிறது.

சிம்ப்ஸன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1840-இல் ஆரம்பித்தபோது அவர்களுடைய தொழில் குதிரை வண்டி கட்டுவது. கனவான்கள் ஏறும் கோச்சு வண்டிகளைக் கட்டிக் கொடுத்துப் பேர் வாங்கிய அந்தக் கம்பெனியில், சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவியால் ஓடும் ஒரு காரை உருவாக்கிச் சென்னைத் தெருக்களில் ஓட்டிக் காட்டினார். நம் நாட்டிலேயே செய்த முதல் நீராவிக் கார் அது என்று சொல்லுகிறார்கள். குதிரை வண்டி கட்டிப் பழகிய கைகள், குதிரையை அவிழ்த்துவிட்டு அதன் இடத்தில் கொதிகலனை வைத்துப் பார்த்தன. நம் ஊரில் உயிர் மாற்றும் வித்தை அங்கே தொடங்கிவிட்டது.

பிறகு யுத்தம் வந்தது. 1940-களில் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. பஸ்களின் முதுகில் அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவை இஞ்சினுக்குக் கொடுத்து ஓட்டினார்கள். டி. வி. எஸ். கம்பெனி இதற்கென்று கரிவாயு அடுப்புகளைத் தயாரித்து விற்றது. காலையில் அடுப்பைப் பற்றவைத்து, விசிறி, வாயு பிடிக்கிறவரையில் காத்திருந்துதான் பஸ்ஸைக் கிளப்ப வேண்டும். இஞ்சின் பழையதுதான், அது சாப்பிட்ட சாப்பாடு மாறிற்று. இதுவும் ஒரு விதத்தில் கூடு பாய்தல்தான்.

யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த மறுவருஷம், 1948-இல், ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். எண்ணூரில் தொழிற்சாலை எழுந்தது. 1949-இல் அங்கிருந்து ஆஸ்டின் ஏ-40 கார் வெளியே வந்தது. சாமான்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. பூட்டிய கைகள் எண்ணூர்க் கைகள். நாலு சிலிண்டர், 1200 சி. சி., 40 குதிரைச் சக்தி. ஏ-40 என்ற பெயரிலேயே அந்த நாற்பது குதிரைகளும் அடக்கம். உருண்டைத் தலையும் பருத்த கன்னங்களுமாக, சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் சாய்ந்திருக்கும் பெரிய மனிதரைப் போல இருக்கும் அந்தக் கார். ஆனால் எண்ணூர் அதிக காலம் கார் பூட்டிக்கொண்டிருக்கவில்லை. லேலண்டு கம்பெனியோடு உறவு ஏற்பட்டது. காமெட் லாரிகள் வந்தன. 1955-இல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்டு ஆயிற்று. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஊர் பெயர் பெற்றுவிட்டது. ஆஸ்டின் மறந்து போயிற்று.

மறந்து போன காரை வைத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? 1950-களில் வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவைவிட்டுக் கிளம்பின. ஷெவர்லே, பிளிமத், டாட்ஜ் என்று முன்பு வந்து இறங்கியிருந்த கார்களுக்கெல்லாம் உதிரிச் சாமான் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. கிடைத்த கார்கள் மூன்று: அம்பாஸிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. அவற்றுக்கும் வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒருவனிடம் இருந்த கார் எந்தக் காராக இருந்தாலும் அதைச் சாக விடாமல் வைத்திருப்பதே சாமர்த்தியம் என்று ஆயிற்று. புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகள் பெருகின. எந்த வண்டியின் உறுப்பு எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வைத்தியர்கள் அங்கே தோன்றினார்கள்.

அதே காலத்தில் செம்பியத்தில் சிம்ப்ஸன் கம்பெனி, பெர்கின்ஸ் டீஸல் இஞ்சின்களைத் தயாரிக்க ஆரம்பித்தது. பி-6 என்ற ஆறு சிலிண்டர் இஞ்சினை அந்தக் காலத்து லாரி டிரைவர்கள் இன்றும் மரியாதையோடு நினைவுகூர்வார்கள். பெட்ரோல் குடித்துச் சொத்தைக் கரைத்துக்கொண்டிருந்த லாரிகளுக்கு டீஸல் இஞ்சின் மாற்றிப் பொருத்தினார்கள். லாரிக்காரர் யாரும் இதைக் கலை என்று சொல்லவில்லை. மாதக் கடைசியில் கையில் நாலு காசு நின்றது, அது போதும். கார்க்காரர்களும் பின்னால் அதே வழியில் போனார்கள். திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட்டைக்கூட விடவில்லை. வயலில் தண்ணீர் இறைக்கும் ஜாதி டீஸல் இஞ்சினை அதில் ஏற்றி ஓட்டினார்கள். பிறகு அந்தக் கம்பெனியே டாரஸ் என்ற பெயரில் டீஸல் புல்லட் செய்து விற்றது. அதைவிட வேகமாகச் சைக்கிளில் போய்விடலாம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் பால்காரருக்கு வேகமா முக்கியம்?

வறுமைக்காக உயிர் மாற்றியது இப்படி. வேகத்துக்காக மாற்றிய கதையும் இதே ரோட்டில்தான் நடந்தது. மாதவரத்திலிருந்து ஜி. என். டி. ரோட்டில் வடக்கே செங்குன்றத்தைத் தாண்டிப் போனால் சோழவரம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமைத்த விமானத் தளம் அங்கே சும்மா கிடந்தது. 1953-இல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஏற்பட்டது. அதன் ஆதரவில் அந்த ஓடுபாதையில் கார்ப் பந்தயம் நடக்கலாயிற்று. எண்பதுகளின் கடைசி வரையில் சோழவரம் என்றால் பந்தயம்தான். வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போய்வரும் அம்பாஸிடரும் ஃபியட்டும் ஹெரால்டும், மெத்தையைக் கழற்றி, கண்ணாடியைக் கழற்றி, இஞ்சினைக் கடைந்து, இழைத்து, உறுமிக்கொண்டு அங்கே பாய்ந்தன. 1990-இல் கிளப் தன் சொந்தப் பாதையை இருங்காட்டுக்கோட்டையில் அமைத்துக்கொண்ட பிறகு சோழவரம் அடங்கிற்று.

சோழவரத்தின் ரசிகர்கள் மறக்காத பெயர் கரிவர்தன். கோயம்புத்தூர்க்காரர். சாதாரண மக்களின் காரான மாருதி 800-இன் இஞ்சினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரில் வைத்தார். 'ஃபார்முலா மாருதி' என்று 1988-இல் அந்தப் பந்தய வகை தொடங்கியது. 796 சி. சி. கொண்ட அந்தச் சின்ன இஞ்சினைக் கொண்டு, பணக்காரப் பிள்ளைகளுக்கே உரியது என்றிருந்த பந்தயத்தைப் பல இளைஞர்களுக்கு எட்டும்படி செய்தார். 1995-இல் விமான விபத்தில் அவர் காலமானார். கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எல்லாக் கூடு பாய்தலும் சுபமாக முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. நம் ஊரிலேயே நடந்த ஒரு சோகக் கதையும் உண்டு. வண்டலூருக்கு அருகே இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலை, 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. உடல், இங்கிலாந்து ரோவர் எஸ். டி. 1-இன் உடல். 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய அழகு. அங்கே அதற்குள் எட்டு சிலிண்டர் இஞ்சின்கூட இருந்தது. இங்கே உள்ளே வைத்தது, 1940-களில் பிறந்த வான்கார்டு காரின் நாலு சிலிண்டர் இஞ்சினை! 1991 சி. சி. அளவில் அதைக் கொஞ்சம் சீர்திருத்தி வைத்தார்கள். இந்த இஞ்சினின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் ஃபெர்குஸன் டிராக்டரிலும் உழுதது. டிரையம்ப் பந்தயக் காரிலும் ஓடியது. நல்ல உழைப்பாளிக் குடும்பம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ராஜகுமாரனின் உடம்பில் தாத்தாவின் இருதயத்தை வைத்தால் அவன் எப்படி ஓடுவான்? விலை அதிகம், பெட்ரோல் செலவு அதிகம், வேகம் குறைவு. சில வருஷங்களிலேயே அந்தக் கார் நின்றது. தொழிற்சாலையும் அதோடு படுத்துவிட்டது.

இன்றைய வாலிபர்கள் செய்வது இதற்கு நேர் எதிரானது. தாத்தாவின் உடம்பில் பேரனின் இருதயத்தை வைக்கிறார்கள். அந்தப் பேரனின் பெயர்தான் டர்போ.

டர்போ என்பதைப் புரிந்துகொள்ளக் கொல்லன் உலையை நினைத்துக்கொண்டால் போதும். நெருப்பு ஜொலிக்க வேண்டுமானால் துருத்தி வேண்டும். இஞ்சினும் ஓர் உலைதான். அதிகக் காற்று உள்ளே போனால் அதிக எண்ணெய் எரியும். அதிகச் சக்தி பிறக்கும். துருத்தி ஊதுவதற்குத் தனியாக ஆள் வைக்காமல், உலையிலிருந்து வெளியேறும் புகையையே துருத்தி ஊதும்படி செய்துவிட்டால்? ஆல்ஃப்ரெட் பூச்சி என்ற ஸ்விட்ஸர்லாந்து இஞ்சினீயர் இந்த யோசனைக்கு 1905-இலேயே உரிமை பதிவு செய்தார். வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறு முனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. முதலில் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் பயன்பட்டது. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைலும் ஷெவர்லேயும் இதைக் கார்களில் வைத்தன. 1977-இல் ரெனால்ட் கம்பெனி இதை ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குக் கொண்டுவந்தபோது, அந்த மஞ்சள் கார் அடிக்கடி புகையைக் கக்கி நின்றுவிட்டதால், 'டீ கெட்டில்' என்று கேலி செய்தார்கள். 1979-இல் பிரான்ஸில் அந்தக் கெட்டிலே முதலாவதாக வந்தது, கேலியும் அடங்கிற்று.

நம் ஊர்க் கணக்கையே பாருங்கள். 1949-இல் எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின்: 1200 சி. சி., 40 குதிரை. 2013-இல் மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனி செய்த எக்கோஸ்போர்ட் காரில் டர்போ வைத்த ஒரு ரகம்: 999 சி. சி., ஏறக்குறைய 125 குதிரை. உலை சிறியது, நெருப்பு மூன்று மடங்கு. அந்தத் தொழிற்சாலையும் 2022-இல் கார் செய்வதை நிறுத்திவிட்டது என்பது வேறு விஷயம்.

இனி வேலையின் சிரமத்தைச் சொல்ல வேண்டும். இஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் பணத்தைத் தொலைக்கிறார்கள். நாற்பது குதிரைக்காகச் செய்த கியர் பாக்ஸும் பின் அச்சும் நூற்றிருபது குதிரை இழுத்தால் பல் உதிர்ந்துவிடும். பழைய டிரம் பிரேக்கால் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. சென்னை வெயிலில் பழைய ரேடியேட்டர் அரை மணியில் கொதிக்கும். இந்தக் காலத்துச் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுப்பவை. பழைய கார்களோ பின் சக்கரத்தால் தள்ளுபவை. ஆகவே இஞ்சினை வைக்கும் திசையே வேறு. போதாக்குறைக்கு இன்றைய இஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர் மூளை உண்டு. அந்த மூளையையும் நரம்புகளையும் கூடவே கொண்டுவராவிட்டால் இருதயம் துடிக்காது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஆர். சி. புத்தகத்தில் ஒரு வண்டிக்கு இரண்டு நம்பர்கள் உண்டு: சேஸ் நம்பர் ஒன்று, இஞ்சின் நம்பர் ஒன்று. உடலும் உயிரும் வேறு வேறு என்ற தத்துவத்தை ஆர். டி. ஓ. ஆபீஸ் என்றோ ஒப்புக்கொண்டுவிட்டது! ஆனால் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2021-இல் சர்க்கார் புராதன வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி, இருபதாயிரம் ரூபாய் கட்டணம், பத்து வருஷப் பதிவு. முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: சேஸையோ, உடலையோ, இஞ்சினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது.

இந்த நிபந்தனையை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. நம் ஊரில் ஒரு பழைய வண்டி எழுபது வருஷம் உயிரோடு இருந்ததென்றால், பெரும்பாலும் யாரோ ஒரு ஏழை மெக்கானிக் அதன் இஞ்சினை மாற்றியதால்தான் இருந்திருக்கும். மாற்றாமல் இருந்தவை பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. பிழைத்ததே குற்றம் என்பது போல இருக்கிறது விதி. ஆனால் விதியை எழுதியவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லோரும் மாற்றிக்கொண்டே போனால், ஆஸ்டின் எப்படி இருந்தது, எப்படி மூச்சுவிட்டது என்று நாளைக்கு யாருக்குத் தெரியும்?

இந்த வழக்கு கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு வீட்டு முற்றத்தில் நடந்ததை நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், தகப்பனார் விட்டுப் போன எண்ணூர் ஆஸ்டின் வேப்பமரத்தடியில் நெடுங்காலம் கிடந்தது. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவருக்கு அப்பா ஓட்டிய இஞ்சினே ஓட வேண்டும். "அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானேடா நாம் வாசலுக்கு ஓடுவோம்?" என்றார். இளையவருக்கு டர்போ டீஸல் இஞ்சின் மேல் கண். "சத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அண்ணா? வண்டி ஓட வேண்டாமா? பந்தயப் பாதையிலாவது ஒரு தடவை அது பறந்து நான் பார்க்க வேண்டும்" என்றார். இருவருமே தகப்பனாரின் மேல் உள்ள பிரியத்தால்தான் பேசினார்கள். அதனால்தான் சண்டை தீரவில்லை.

கடைசியில் மாதவரத்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அறுபது வயதிருக்கும். வண்டியைச் சுற்றி வந்தார். கீழே படுத்துப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"வெச்சிடலாம் சார். ஆனா நீங்க சொல்ற டீஸல் இஞ்சின் வேணாம். வெயிட்டு ஜாஸ்தி. அதுக்கு முன்னாடி கிராஸ் மெம்பரை அறுக்கணும். நான் சேஸை அறுக்க மாட்டேன்."

"அறுத்து வெல்டிங் வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்டார் இளையவர்.

"ஒட்டிப்புடலாம். ஆனா அப்பால பழைய இஞ்சின் திரும்பி வர்றதுக்கு வழி இருக்காது சார். சின்ன இஞ்சினாப் பாருங்க. போல்ட்டு போட்டுப் பிளேட்டு கட்டி உட்கார வெக்கறேன். நாளைக்கு உங்க பிள்ளைங்க வேணாம்னா கழட்டிட்டு பழசையே மாட்டிக்கட்டும். பழசுக்கு கிரீஸ் போட்டுக் கட்டி உள்ள வெச்சிடணும். தூக்கிப் போட்டீங்கன்னா நான் வேலையே செய்ய மாட்டேன்."

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சுவரோரமாக இருந்த மரச் சாமான்களை நகர்த்தி இடம் செய்தார். சம்மதம் என்பதற்கு அடையாளம் அதுதான் என்று நினைக்கிறேன். இதை எழுதும்போது புது இஞ்சின் எது என்று இன்னும் முடிவாகவில்லை. பழையது மட்டும் கிரீஸும் சாக்குமாக மரச் சட்டத்தின்மேல் ஏறிவிட்டது.

அந்த மெக்கானிக் விக்கிரமாதித்தன் கதையைப் படித்திருப்பாரோ என்னவோ. ஆனால் கதையின் முக்கியமான இடத்தை அவர் பிடித்துவிட்டார். பாய்வதில் தவறில்லை, சிம்ப்ஸனின் நீராவிக் கார் முதல் கரிவர்தனின் பந்தயக் கார் வரையில் பாய்ந்தவர்கள்தான் இந்த ஊரின் மோட்டார்ச் சரித்திரத்தை உண்டாக்கினார்கள். அவர்களில் பலருக்கு வெறுங்கூட்டைப் பத்திரப்படுத்த வசதி இல்லை. பிள்ளை குட்டிகளுக்குச் சோறு போடுவதற்காக உயிர் மாற்றியவன், கழற்றிய இஞ்சினைப் புதுப்பேட்டையில் எடை போட்டு விற்றதற்கு அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆசைக்காகப் பாய்கிறவனுக்கு அந்தச் சமாதானம் இல்லை. அவனிடம் பணம் இருக்கிறது, இடம் இருக்கிறது, அவகாசமும் இருக்கிறது. கிளியாகி எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் அவன் பறந்துவிட்டு வரட்டும். திரும்பி வரும்போது இறங்குவதற்குக் கூடு ஒன்று இருக்க வேண்டும். அவன் திரும்பாவிட்டாலும், அவன் பிள்ளை ஒரு நாள் அதைத் தேடிக்கொண்டு வரக்கூடும்.